ஓடாத சைக்கிளில் ஒரு மாதம்

1

ஊர்ச் சங்க மலருக்கு எழுதித் தரச் சொல்லி போனில் கேட்டவர்கள், வெளியூரில் ஜெயித்த கதையாக இருக்கட்டும் என்றார்கள். ஜெயித்த கதைக்கு என்னிடம் பஞ்சமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறியபோது மாற்று வேட்டி ஒன்று மட்டும் இருந்தது. சாலை என்கிற கடைத்தெருவில் வாழையிலை சுமந்தேன். பிறகு சைக்கிளில் இலைக்கட்டு ஏற்றி ஓட்டல் ஓட்டலாய்ப் போட்டேன். பிறகு அதே தெருவில் என் பெயரில் இலைக்கடை. ஓணத்தன்று இந்த ஊரில் பாதிப் பேர் என் இலையில்தான் சாப்பிட்டார்கள் என்று சொன்னால் மிகை என்பீர்கள். மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை. பக்கத்திலேயே மணக்காட்டில் நானே வெயிலில் நின்று கட்டிய வீடு. ஒரே மகளை இன்ஜினீயருக்குப் படிக்க வைத்தேன். நம் ஊர்க் கோயில் மண்டபத்து டியூப்லைட்டில் என் பெயர் எழுதியிருக்கிறது, நிமிர்ந்து பார்த்தால் தெரியும்.

இதையெல்லாம் போன மலரிலும் அதற்கு முந்தின மலரிலும் எழுதிவிட்டேன். இந்தத் தடவை எழுத வேறு ஒன்று இருக்கிறது. இந்த வயதில் என்னைச் சைக்கிள் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள்.

2

என் வீட்டுக்காரி பொன்னம்மாள் போய் ஒரு வருஷம் ஆயிற்று. காரியம் முடிந்த கையோடு மகள் செல்வி என்னைக் கழக்கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மணக்காட்டு வீடு பூட்டிக் கிடந்தது. கடையை அதற்கு முன்பே கைமாற்றிவிட்டேன்.

கழக்கூட்டம் என்றால் கம்ப்யூட்டர் ஆபீஸ்காரர்கள் ஊர். செல்வி விடிந்தால் ஆபீஸ். அவள் மாப்பிள்ளை பெங்களூரில் வேலை பார்க்கிறார், மாதத்துக்கு ஒரு முறை வந்து போவார். பேத்தி பள்ளிக்கூடம். நான் உயரத்து மாடி ஜன்னலில் நின்று ஹைவேயில் போகிற வண்டிகளைப் பார்ப்பேன். லிப்டில் ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு போனைப் பார்ப்பார்கள். என்னை யாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவதில்லை. சாலையில் ஒரு தெரு நடந்தால் பத்துக் குரல் கேட்கும்.

பேத்திக்கு என் பேச்சு பாதிதான் புரியும். நான் மலையாளத்துக்கு மாறினால், "அப்பூப்பா, அங்ஙனெ அல்லா பறயுன்னது" என்று, அப்படிச் சொல்வதில்லை தாத்தா என்று திருத்துவாள். இந்த மலையாளத்தை வைத்துத்தான் நான் ஒரு ஆயுசு வியாபாரம் செய்தேன். பேச்சு சரியில்லை என்று யாரும் இலை வேண்டாமென்று போனதில்லை. நல்ல பிள்ளைதான் அவள். ஆனால் நான் இப்போது எழுதுகிற இதை அவளால் வாசிக்க முடியாது. அதை நினைத்தால் பேனாவை மூடி வைத்துவிடலாம் போல இருக்கும்.

வருஷத் திதிக்கு மணக்காட்டு வீட்டைத் திறந்தோம். பூசை முடிந்து, இலை போட்டு எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு செல்வியிடம் சொன்னேன்.

"நீ கெளம்பும்மா. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

"வெளையாடாதீங்கப்பா. ஒத்தைக்கு எப்படி இருப்பீங்க?"

"இந்த ஊருக்கு ஒத்தைக்கு வந்தவந்தானே நான்."

"அன்னைக்கு உங்களுக்கு என்ன வயசு? இப்ப சுகர் உண்டு, முட்டு வலி உண்டு, ரெண்டு படி ஏறினா மூச்சு எடுக்குது. நீங்க இங்க இருந்தா எனக்கு ஆபீஸ்ல மனசு நிக்காது."

"என் வீட்டுல நான் இருக்க எவன்கிட்ட கேக்கணும்?"

செல்வி அழுதுவிட்டாள். என்னைப் போல அவளும் அழுதால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு ஒரு வழி சொன்னாள். "டாக்டர் காலுக்கு எக்ஸர்சைஸ் வேணும்னாருல்லா. நம்ம பிளாட்டுல கீழ சைக்கிள் கிளாஸ் உண்டு. ஒரு மாசம் போங்க. மூச்சு, காலு எல்லாம் சரியாகி, ஒண்ணும் ஆகாம முடிச்சிட்டீங்கன்னா இங்க வந்து இருங்க. பின்ன நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"முடிக்கல்லன்னா?"

"முடிக்கல்லன்னா வாடகைக்கு விடலாம்ப்பா. பூட்டிப் போட்ட வீட்ட கரையான் தின்னுரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு எதையாவது சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். சைக்கிளா? என்னிடமா? அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். மணக்காட்டுக்கு எந்தெந்தச் சாமானைத் திருப்பிக் கொண்டு போக வேண்டும் என்று மனதுக்குள் கட்டிவைத்துக்கொண்டே தூங்கினேன்.

3

வகுப்பு நடத்துகிற பெண்ணின் பெயர் ரேஷ்மா. கல்லாற்றுப் பக்கத்துப் பிள்ளை, இங்கே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். கையில் பலகை போல ஒரு போன் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்க் கேட்டாள். பிறந்த தேதி கேட்டாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டது ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. எதைச் சொல்ல? இந்தத் தேதிகளைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. இங்கே கேட்டால் உங்கள் ஊரில் போய்த் திருத்து என்பார்கள். ஊருக்கு வந்தால், "நீங்கதான் மலையாளத்தாளு ஆயிட்டியளே, அங்கனயே பாத்துக்கிட வேண்டியதானே" என்று நம் ஆட்களே சொல்வார்கள். அங்கே மலையாளத்தான், இங்கே பாண்டிக்காரத் தமிழன். ரெண்டு ஆபீசுக்கும் நடுவில் கிடந்து தேய்ந்ததில் என் செருப்பு எத்தனை போயிற்று என்று தெரியாது.

அடுத்ததாக அந்தப் பெண் கேட்டாள். "அங்கிள் மும்பு சைக்கிள் சவிட்டியிட்டுண்டோ?"

முன்னால் சைக்கிள் மிதித்திருக்கிறேனா என்று என்னைக் கேட்கிறாள். ஓவர்பிரிட்ஜிலிருந்து ஸ்டாச்சு வரை அந்த ஏற்றத்தில், பின்னால் ஈர இலைக்கட்டு என் தலைக்கு மேல் நிற்க, ஒரு இடத்தில்கூட இறங்கித் தள்ளாமல் ஏறியவன் நான் என்று சொன்னேன். அவள் கவனமாய்க் கேட்டுவிட்டு, "அது ரோட்டில். இண்டோர்?" என்றாள்.

"வீட்டுக்குள்ள சைக்கிள் விடுததுக்கு எனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?" என்றேன் தமிழிலேயே.

அவள் சிரித்துக்கொண்டே போனில் ஏதோ தட்டினாள். பக்கத்தில் நின்ற செல்வி வாசித்துச் சொன்னாள். 'பிகினர்.' அப்படியென்றால் புதிதாய்த் தொடங்குகிறவன். சைக்கிளில் நான்.

4

அறைக்குள் போனால் இருட்டு. நீல விளக்கு. நெஞ்சில் இடிக்கிற பாட்டு. சக்கரம் தரையில் தொடாத சைக்கிள்கள் வரிசையாய் நிற்கின்றன. முன்னால் ஒரு பெரிய திரையில் ரோடு ஓடுகிறது, எந்த ஊர் ரோடு என்று தெரியவில்லை, ஒரு டீக்கடைகூட இல்லை. மிதிகட்டையில் ஒரு வார் இருக்கிறது, அதில் காலைச் செருகி இறுக்க வேண்டும். ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு திருகாணி. அதைத் திருகினால் மிதிக்கக் கனமாகும்.

"லோட் கூட்டிக்கோ" என்று ரேஷ்மா கத்தினாள். பாரம் ஏற்று என்றால் எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருகினார்கள். நான் கடைசி வரை திருகினேன். இலைக்கட்டுக்காரன் பாரத்துக்குப் பயந்தால் சாலையில் நாலு பேர் சிரிப்பார்கள். ரெண்டு மிதி மிதித்தேன். மூன்றாவது மிதிக்கு முட்டு இரண்டும் பூட்டிக்கொண்டன. ரேஷ்மா ஓடிவந்து திருகாணியைத் தளர்த்தினாள். "பதுக்கெ மதி அங்கிள், பதுக்கெ." மெதுவாய் மிதித்தால் போதுமாம்.

அதைவிட மோசம் இறக்கம். திரையில் ரோடு கீழே இறங்கியது. இறக்கம் வந்தால் சைக்கிள்காரன் என்ன செய்வான்? மிதிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பான். சைக்கிள் தானே ஓடும். அதுதான் அவன் மூச்சு வாங்குகிற நேரம், வேர்வை காய்கிற நேரம், பீடிக்காரன் பீடியை நினைக்கிற நேரம். நானும் காலை நிறுத்தினேன். இந்தச் சைக்கிள் நிற்கவில்லை. முன்னால் இருக்கிற கனத்த சக்கரம் சுழன்றுகொண்டே இருக்க, அதோடு சேர்ந்து மிதிகட்டையும் சுழன்று, வாருக்குள் இருந்த என் காலைப் பிடித்து இழுத்து மேலும் கீழும் ஆட்டியது. நான் ஓட்டுகிறேனா, அது என்னை ஓட்டுகிறதா என்று புரியவில்லை.

"நிர்த்தல்லே அங்கிள், நிர்த்தல்லே. இதில் சவிட்டிக்கொண்டே இருக்கணும்" என்றாள் ரேஷ்மா, எனக்காகப் பாதித் தமிழில்.

ஏற்றம் உண்டு, இறக்கம் கிடையாது. போய்ச் சேர இடமும் கிடையாது. இறங்கும்போது வேட்டியைத் தேடினேன், இடுப்பில் இருந்தது செல்வி வாங்கித் தந்த கால்சட்டை. கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். பெரிய சந்தோஷமாய் ஒன்றும் இல்லை.

5

அந்த வகுப்பில் எனக்கு ஒரு பேச்சுத் துணை கிடைத்தது. அடுத்த சைக்கிளில் ஒரு மாமி. கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரர், மீனாட்சி மாமி. புடவையைக் கழற்றி வைத்துவிட்டு சுடிதார் போட்டுக்கொண்டு வருகிறவர். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, நீங்க எங்காத்துக்கு இலை கொண்டுவந்துண்டிருந்த ஆளாக்கும், இல்லையா?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னை ஒருத்தர் அண்ணாச்சி என்கிறார். "கொல்லப்பக்கமா வரச் சொல்லுவிய" என்றேன்.

"ஆமா. இப்போ பாருங்கோ, ஒரே வரிசையில உக்காந்து வேர்வை விட்டுண்டிருக்கோம். எங்க மாமனார் இருந்தா இந்தச் சைக்கிளையும் அலம்பிவிடச் சொல்லியிருப்பார்."

ரெண்டு பேரும் சிரித்தோம். ரேஷ்மா பேசாமல் மிதிக்கச் சொன்னாள்.

மாமியும் மகன் வீட்டில்தான் இருக்கிறார். அக்ரஹாரத்து வீட்டை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். என் விஷயத்தையும் சொன்னேன்.

"அங்க திரும்பிப் போறேன்னு நான் கேக்கறதையே விட்டுட்டேன்" என்றார். "கேட்டா ரெண்டு நாள் வீடு முழுக்க மூஞ்சி தொங்கறது. அதுக்குப் பயந்துண்டு வாயை மூடிண்டேன். நீங்க விடாதேங்கோ அண்ணாச்சி. நம்மள்ல ஒருத்தராவது ஆத்துக்குத் திரும்பிப் போறதைப் பாக்கணும்."

அன்றிலிருந்து ரெண்டு பேருக்காக மிதித்தேன் என்று சொல்லலாம். மெல்ல மெல்லப் பழகியது. திருகாணியை எவ்வளவு திருகுவது என்று கை கற்றுக்கொண்டது. இறக்கத்திலும் நிறுத்தாமல் மிதிக்கக் கால் கற்றுக்கொண்டது. சுகர் குறைந்தது. மாடிப்படியில் மூச்சு வாங்குவது குறைந்தது. செல்வியே அதைப் பார்த்துவிட்டு, "பரவால்லியேப்பா" என்றாள். ஆனால் சொல்லும்போது அவள் முகம் வாடியிருந்தது. நான் போய்விடுவேன் என்ற வாட்டம். அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. மணக்காட்டு வீட்டுக்குப் பால் போட ஆள் சொல்லி வைத்தேன்.

6

கடைசி வகுப்பு. ரேஷ்மா முன்னால் ஒரு போனை நிறுத்தி வைத்துப் படம் பிடித்தாள். புதிதாய்ச் சேருகிறவர்களுக்குக் காட்டவாம். பாட்டு உச்சத்தில் இருக்கும்போது என் பக்கம் கையைக் காட்டி, "நம்முடெ சூப்பர் அங்கிள்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். மாமியும் தட்டினார். பொன்னம்மாள் இருந்திருந்தால், போதும் பீத்தல் என்று சொல்லியிருப்பாள். அவள் இல்லை. கை தட்டுகிற இடத்தில் எப்படி இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாதாரண ஆள் சைக்கிளை நிறுத்தி, பின்பக்கமாய்க் காலைத் தூக்கிப் போட்டு இறங்குவான். இலைக்கட்டுக்காரனுக்குப் பின்னால் கட்டு சுவர் போல நிற்கும், கால் போகாது. நிறுத்தவும் கூடாது, நிறுத்தினால் பாரம் ஒருபக்கம் சாய்த்துவிடும். அதனால் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது காலை மிதிகட்டையில் ஊன்றி எழுந்து, வலது காலை மடக்கி முன்பக்கமாய் பாருக்கு மேலே எடுத்து, ஓட்டத்தோடு ஓட்டமாய்த் தரையில் கால் வைத்து நாலு எட்டு கூடவே ஓடி நிறுத்துவோம். சாலைத்தெருவில் என் அளவுக்கு அழகாய் இறங்குகிறவன் கிடையாது. ஓட்டல் முதலாளிகள் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள்.

அப்படித்தான் இறங்கினேன். யோசிக்கவே இல்லை. உடம்பு தானாகச் செய்தது. இடது காலை ஊன்றி எழுந்து வலது காலை வாரிலிருந்து உருவி முன்னால் எடுத்தபோது, ஊன்றின மிதிகட்டை சுழன்று மேலே வந்தது. கால் வாருக்குள் மாட்டியிருந்தது. வலது கால் தரையைத் தேடியது, கூட ஓட வேண்டிய சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது. நான் மாமியின் சைக்கிள் மேல் விழுந்து அங்கிருந்து தரையில் விழுந்தேன்.

பாட்டை நிறுத்தினார்கள். விளக்கைப் போட்டார்கள். முழங்கைத் தோல் உரிந்து, கணுக்கால் வீங்கியிருந்தது. ரேஷ்மா ஐஸ் வைத்தாள். மாமி என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எலும்பு தப்பிச்சது. ஆத்துல சொல்லாதேங்கோ" என்று காதோடு சொன்னார்.

7

முழுக்கைச் சட்டையைக் கீழே இறக்கி விட்டுக்கொண்டு, நொண்டாமல் நடந்து வீட்டுக்குள் போனேன். அது எவ்வளவு கஷ்டம் என்று நொண்டாமல் நடந்து பார்த்தவனுக்குத் தெரியும். செல்வி ஆபீஸ் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். தோசையும் சட்டினியும் எடுத்து வைத்தாள்.

"கிளாஸ் முடிஞ்சுதாப்பா?"

"முடிஞ்சுது. கை தட்டுனாவ."

"ஒண்ணும் ஆகல்லியே?"

"எனக்கு என்ன ஆவும்?"

"விழல்லியே?"

"நான் எதுக்கு விழுகேன்? சைக்கிள்ல நான் விழுந்தத பாத்தவன் எவன் இருக்கான்?"

அவள் என் எதிரில் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துச் சட்டையை மெதுவாய் மேலே ஏற்றினாள். பிறகு தன் போனை மேசையில் வைத்தாள். நான் லிப்டில் ஏறுவதற்கு முன்பே அந்தப் படம் பிளாட்டுக்காரர்கள் எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டிருக்கிறது. யாரோ சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தார்கள். அவள் முதலிலிருந்தே எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

"சைக்கிள்னா எவனும் விழுவான்" என்றேன். "வீட்டுல நான் சைக்கிளா விடப் போறேன்? அங்கன தரை தரையாத்தான் இருக்கு."

"நீங்க விழுந்தது பெரிசில்லப்பா" என்றாள். குரல் உயரவில்லை. "விழல்லன்னு சொன்னீங்கல்லா, அதுதான். எதிர்ல இருந்துக்கிட்டே சொல்றீங்க. அங்க இருந்தா போன்ல சொல்லுவீங்க, நான் நம்பிருவேன். அம்மாவும் நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னுதான் கடைசி வரை போன்ல சொன்னா."

நான் வியாபாரத்தில் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவன். வாய்ப்பேச்சில் என்னை யாரும் மடக்கியது கிடையாது. தோசை ஆறிக்கொண்டிருந்தது. பேத்தி வந்து கணுக்காலைப் பார்த்துவிட்டு, "வேதன உண்டோ அப்பூப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்து, உண்டு என்றேன்.

இந்த ஊரில் எனக்கு இருப்பது அந்த ஒரு வீடு. மற்றதெல்லாம் ஓட்டலுக்குப் போய் எச்சிலாகி வெளியே போன இலை. பொன்னம்மாளோடு பேசினால் அங்கேதான் பேச முடியும். பிளாட்டில் அவள் படம் இருக்கிறது, ஆனால் அவளுக்கு இந்தப் பிளாட் பழக்கமில்லை, வந்தால் ரெண்டு நாள் தாங்க மாட்டாள். இதைச் செல்வியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுவாள். அழுதுவிட்டு, சரி போங்க என்று சொல்லிவிடுவாள். அப்படி வாங்குகிற வீட்டில் எனக்குத் தூக்கம் வராது. அதனால் சொல்லவில்லை. "வாடகைக்கு ஆள் பாரு" என்று மட்டும் சொன்னேன்.

வகுப்புக்கு இன்னொரு மாதம் சேர்ந்திருக்கிறேன். கணுக்கால் ஆறியதும் போனேன். வேறு எங்கே போக? மாமி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சைக்கிளின் திருகாணியைத் திருகிக்கொண்டார்.

8

போன ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஒரு இளம் ஜோடி வந்தது. மலையாளத்துப் பிள்ளைகள், புதிதாய்க் கல்யாணம் ஆனவர்கள். நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். எந்த அறையில் காற்று வரும், கிணற்றுத் தண்ணீர் கோடையிலும் வற்றாது, தேக்குக் கதவு செங்கோட்டையிலிருந்து லாரியில் வந்தது, இந்தத் தெருவிலேயே முதலில் மொசைக் போட்டது நான்தான், எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு வீடு பிடித்துக்கொண்டே வந்தது. எனக்கு ஏன் இவ்வளவு நன்றாய்ச் சொல்கிறோம் என்று இருந்தது.

அவள் அடுக்களையில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இத்ரெ நல்ல வீடு விட்டிட்டு அங்கிள் எந்தினா போகுன்னது?" இவ்வளவு நல்ல வீட்டை விட்டுவிட்டு நான் எதற்குப் போகிறேனாம்.

செல்வி கதவோரம் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"அவிடெ எனிக்கு சைக்கிள் கிளாஸ் உண்டு" என்றேன். "ராவிலெ போகணும். இவிடெ நின்னு தூரமாணு." காலையிலேயே போக வேண்டுமே, இங்கிருந்து தூரமாயிற்றே.

அந்தப் பையன் மரியாதையாய்த் தலையாட்டினான். இந்த வயசிலும் அங்கிள் இப்படி இருப்பது பெரிய விஷயம் என்றான். ஆமாம் என்றேன்.

மழைக்காலத்தில் பின்கட்டுக் கதவு ஊதிக்கொள்ளும், கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் தள்ளினால்தான் சாத்த முடியும். அதை எப்படிச் செய்வது என்று அந்தப் பெண்ணுக்கு ரெண்டு தடவை செய்து காட்டினேன். மூன்றாவது தடவை அவளே சாத்திவிட்டாள்.